2:30 பஸ்ஸை ஓட்டுவது எப்படி? ஹாஃப் மாரத்தானில் முதல்முறை பேசராகப் போகிறவர்களுக்கு

முதல்முறை பேசராக, அதாவது மற்றவர்களுக்கு வேகம் காட்டி ஓடுகிறவராக ஓடியபோது, முதுகில் ‘2:30’ (2 மணி 30 நிமிடம்) என்று எழுதிய கொடியோடு 2 மணி 26 நிமிடத்தில் முடிவுக்கோட்டைத் தாண்டினேன். மைக் பிடித்திருந்தவர், "இதோ டூ தர்ட்டி பஸ் வந்தாச்சு!" என்று கத்தினார். பஸ் வந்தது, பயணிகள்தான் இல்லை. கிளம்பும்போது என்னைச் சுற்றி இருபது பேருக்கு மேல் இருந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் 2:40க்கு அப்புறம் ஒவ்வொருவராக, இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். அதில் ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "நீ நல்லா ஓடுனம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை.

அதற்கு முன்பே ஒரு விண்ணப்பத்துக்குப் பதிலே வராமல், எக்ஸ்போவில் (ஓட்டத்துக்கு முன் எண் அட்டை கொடுக்கும் இடம்) பெயர்க் குழப்பத்தில் வரிசையில் நின்று, கொடிக்கம்பி உரசித் தோள் புண்ணாகி, எல்லாம் பட்டாயிற்று. இப்போது ஐந்து பஸ் ஓட்டிவிட்டேன். நீங்களும் அதே பள்ளத்தில் விழ வேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்கு ஒரு வரி: ஒரு குறிப்பிட்ட நேரத்தில் ஓடி முடிக்க ஆசைப்படுகிறவர்கள் பின்தொடர்வதற்காக, அந்த நேரத்தைக் கொடியில் எழுதிக்கொண்டு சீரான வேகத்தில் ஓடுகிற தன்னார்வலர்தான் பேசர். அவரைச் சூழ்ந்து ஓடும் கும்பலுக்கு நம் ஊர் ஓட்டக்காரர்கள் வைத்த பெயர் பஸ். தமிழில் ‘பேசர்’ என்று எழுதினால் பேசுகிறவர் என்று படிக்கத் தோன்றும். பாதி வேலை அதுதான், தப்பில்லை.

1. எந்த நேரத்துக்குக் கேட்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நான் செய்த முதல் தவறு இங்கேதான். என்னுடைய சிறந்த ஹாஃப் மாரத்தான் நேரம் 2:04. நாம்தான் நன்றாக ஓடுகிறோமே என்று 2:10 பஸ்ஸுக்கு விண்ணப்பித்தேன். பதிலே வரவில்லை. பிறகு பழைய பேசர் ஒருவர்தான் விளக்கினார்: உங்கள் சிறந்த நேரத்துக்கும் நீங்கள் கேட்கும் நேரத்துக்கும் நடுவே குறைந்தது 15 முதல் 20 நிமிடம் இடைவெளி இருக்க வேண்டும். 2:10 என்றால் எனக்கு அது கிட்டத்தட்டப் பந்தயம். மூச்சு வாங்கிக்கொண்டே யாரிடம் பேசுவது?

2:04 ஓடுகிற ஒருவர் 2:30 கேட்கலாம், 2:25 கேட்கலாம். முதல்முறை என்றால் இன்னும் மெதுவான பஸ்ஸே நல்லது. 2:45, 3:00 பஸ்களில்தான் முதல்முறை 21 கி.மீ. ஓடுகிறவர்கள் அதிகம் வருவார்கள். பேசர் உண்மையிலேயே தேவைப்படுவதும் அவர்களுக்குத்தான். 1:45 பஸ்ஸில் வருகிறவர்கள் தாங்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள்.

ஹாஃப் மாரத்தான் என்பது 21.0975 கி.மீ. அதன்படி ஒரு கிலோமீட்டருக்கு ஆகும் நேரம்:

1:45 என்றால் 4 நிமிடம் 59 நொடி
2:00 என்றால் 5 நிமிடம் 41 நொடி
2:15 என்றால் 6 நிமிடம் 24 நொடி
2:30 என்றால் 7 நிமிடம் 7 நொடி
2:45 என்றால் 7 நிமிடம் 49 நொடி
3:00 என்றால் 8 நிமிடம் 32 நொடி

இந்த வேகத்தில் பக்கத்தில் வருகிறவரிடம் முழு வாக்கியமாகப் பேச முடிகிறதா என்று ஒருநாள் 15 கி.மீ. ஓடிப் பாருங்கள். பேச்சு திக்கினால் அது உங்கள் பஸ் அல்ல.

2. காகிதங்களைச் சேர்த்து வையுங்கள்

பெரிய பட்டியல் இல்லை. ஆனால் கடைசி நாளில் தேடினால் ஒன்றும் கிடைக்காது.

நேரச் சான்றிதழ்: கடந்த ஓரிரு ஆண்டுகளுக்குள் நீங்கள் ஓடிய ஹாஃப் அல்லது முழு மாரத்தானின் சான்றிதழ். அதில் இரண்டு நேரங்கள் இருக்கும். துப்பாக்கி வெடித்ததிலிருந்து எண்ணுவது கன் டைம். பிப்பில் (சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை) ஒட்டியிருக்கும் சிப், நீங்கள் தொடக்கக்கோட்டுப் பாயை மிதித்ததிலிருந்து எண்ணுவது சிப் டைம். படிவத்தில் சிப் டைமை எழுதுங்கள். நண்பர்களோடு ஞாயிற்றுக்கிழமை ஓடி வாட்சில் பதிந்தது சான்றாகாது. நேரமே குறிக்காத ஓட்டங்களும் உண்டு; ஆரோவில் மாரத்தான் அப்படித்தான். ஓட அருமையான இடம், ஆனால் அங்கே ஓடியதைக் காட்டி பேசர் ஆக முடியாது.

சான்றிதழை ஓட்டம் முடிந்த வாரமே பதிவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். நேரம் கணக்கிடும் நிறுவனங்களின் பழைய இணைப்புகள் ஒரு வருடம் கழித்துத் திறக்கும் என்று நம்பக் கூடாது. என்னுடையது ஒன்று அப்படித்தான் போயிற்று.

அடையாள அட்டை: இங்கே நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. படிவத்தில் ‘கடைசிப் பெயர்’ என்று ஒரு கட்டம், கட்டாயம் நிரப்பியே ஆக வேண்டும். நமக்கு ஏது கடைசிப் பெயர்? அப்பா பெயரைப் போட்டேன். ஆதாரில் இருப்பதோ இனிஷியல் மட்டும். பிப் வாங்கப் போன இடத்தில், "இது வேற ஆளாச்சே மேடம்" என்று ஓரமாக நிற்க வைத்துவிட்டார்கள், நாற்பது நிமிடம். ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எழுதுங்கள். கடைசிப் பெயர்க் கட்டத்தில் இனிஷியலையே போடுங்கள். ஒற்றை எழுத்தை ஏற்காவிட்டால் அப்பா பெயரைப் போட்டுவிட்டு, அப்பா பெயர் முழுதாக இருக்கும் வேறு அட்டையை (பான் கார்டு பெரும்பாலும் உதவும்) எடுத்துப் போங்கள்.

உடல்தகுதிச் சான்று: சிலர் கேட்பார்கள், சிலருக்கு நீங்களே கையெழுத்திட்ட உறுதிமொழி போதும். கேட்காவிட்டாலும் நாற்பதைத் தாண்டியவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுப் போவதே நல்லது. ரத்த வகை, அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண் இரண்டையும் சரியாக நிரப்புங்கள். உங்களோடு ஓடி வருகிறவரின் எண்ணைப் போடாதீர்கள். அவருடைய போன் டோக்கன் போட்டு ஒப்படைத்த பைக்குள் கிடக்கும்.

இவை தவிர, பேசர்களை அறிமுகப்படுத்த ஒரு புகைப்படமும் டிஷர்ட் அளவும் கேட்பார்கள். அளவு சந்தேகமாக இருந்தால் ஒன்று பெரிதாகவே சொல்லுங்கள்.

3. எப்போது, யாரிடம் கேட்பது

சென்னை மாரத்தான் ஜனவரியில், கோவை மாரத்தான் டிசம்பரில். இந்த மாதிரிப் பெரிய ஓட்டங்களுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே பேசர்களைத் தேட ஆரம்பித்துவிடுவார்கள். ஆகஸ்ட், செப்டம்பரிலிருந்தே அவர்களுடைய சமூக ஊடகப் பக்கங்களைக் கவனியுங்கள். பல இடங்களில் பொது அறிவிப்பே வராது. உங்கள் பகுதி ஓட்டக் குழுவின் வாட்ஸ்அப்பில் ஒரு படிவ இணைப்பு வரும், இரண்டு நாளில் நிரம்பிவிடும். பெசன்ட் நகரிலோ மெரினாவிலோ கோவை ரேஸ்கோர்ஸிலோ விடியற்காலையில் ஓடுகிற குழு எதிலாவது சேர்ந்துவிடுவதுதான் சுருக்கு வழி.

முதல்முறை என்றால் பெரிய ஓட்டத்தில் நேரடியாக இடம் கிடைப்பது கஷ்டம். சில நூறு பேர் கலந்துகொள்ளும் சின்ன ஓட்டத்தில் ஒருமுறை செய்துவிட்டு அந்த அனுபவத்தைப் படிவத்தில் எழுதுங்கள். அங்கே பேசருக்கு ஆள் கிடைக்காமல் திண்டாடுவார்கள், கேட்டால் கொடுத்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. நீங்கள் காசு கட்டி அதே ஓட்டத்துக்கு ஏற்கெனவே பதிவு செய்திருந்தால், பேசராகத் தேர்வானதும் அந்தப் பணம் திரும்ப வரும் என்று எதிர்பார்க்காதீர்கள். முதலில் பேசர் படிவம், முடிவு தெரிந்த பிறகு பதிவு. ‘ஏர்லி பேர்ட்’ சலுகை முடியப்போகிறது என்று அவசரப்பட்டு எனக்கு ஒருமுறை 1,100 ரூபாய் போயிற்று.

4. எவ்வளவு செலவாகும்

பேசருக்குச் சம்பளம் கிடையாது. பெரும்பாலும் பிப் இலவசம். பேசர் டிஷர்ட், பதக்கம், சிற்றுண்டி உண்டு. மற்றதெல்லாம் கைக்காசு. "மெடல் எல்லாருக்கும்தான் குடுக்குறாங்க, அப்புறம் உனக்கு மட்டும் எதுக்குடி இந்த வேலை?" என்று என் அம்மா இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

உள்ளூர் ஓட்டம் என்றால் பெரிய செலவு விடியற்காலை ஆட்டோதான். மூன்று மணிக்குக் கிளம்ப வேண்டும். அந்த நேரத்தில் செயலியில் வண்டி வரும், வந்த பிறகு ரத்தாகும். முந்தைய நாளே தெரிந்த ஆட்டோக்காரரிடம் சொல்லி வைத்துவிடுவேன், 400 ரூபாய். சாலைகளை மூடிவிடுவார்கள் என்பதால் கடைசி ஒரு கிலோமீட்டர் எப்படியும் நடைதான்.

வெளியூர் என்றால் கணக்கே வேறு. பிப் வாங்க முந்தைய நாளே நேரில் வரச் சொல்வார்கள். ஞாயிறு ஓட்டம் என்றால் சென்னையிலிருந்து கோவைக்கு வெள்ளி இரவே சேரன் எக்ஸ்பிரஸில் ஏறிவிட வேண்டும். சனி இரவு ஏறினால் எல்லாம் முடிந்த பிறகுதான் போய்ச் சேருவீர்கள். போக வர டிக்கெட், ஒரு இரவு அறை, சாப்பாடு எல்லாம் சேர்த்து எனக்கு 4,000 ரூபாய்க்குக் கொஞ்சம் கீழே ஆயிற்று. டிக்கெட்டைப் பேசர் உறுதியாவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். தேவைப்படாவிட்டால் ரத்து செய்துகொள்ளலாம்.

5. மெதுவாக ஓடப் பழகுங்கள்

மெதுவாக ஓடுவதற்கு என்ன பயிற்சி என்று நானும் நினைத்தேன். வழக்கமாக 6 நிமிடத்தில் ஒரு கிலோமீட்டர் ஓடுகிற கால், 7 நிமிடத்தில் ஓடச் சொன்னால் முரண்டு பிடிக்கும். அடி சுருங்கும், பாதம் தரையில் அதிக நேரம் நிற்கும், எங்கோ ஒரு புதுத் தசை வலிக்கும். என் பின்னங்கால் தசை வலித்த அளவுக்கு வேக ஓட்டத்தில்கூட வலித்ததில்லை.

ஓட்டத்துக்கு முந்தைய ஆறு வாரத்தில் குறைந்தது மூன்றுமுறை அதே வேகத்தில் ஓடிப் பாருங்கள்: 8, 14, 18 கி.மீ. என்று. அதில் ஒருமுறையாவது கொடியோடு. கொடி கையில் பிடிக்கிற கம்பாக இருக்கலாம், பைபோல முதுகில் மாட்டுகிற சட்டமாகவும் இருக்கலாம். எது என்று முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எடை ஒன்றும் பெரிதில்லை, காற்றுதான் எதிரி. எதிர்க்காற்றில் கொடி பாய்மரம்போல விரிந்து பின்னால் இழுக்கும். பட்டை தோளில் உரசும். தோளிலும் கழுத்தோரமும் தேங்காய் எண்ணெய் தாராளமாகத் தடவிக்கொள்ளுங்கள். என்ன கொடி என்று தெரியாவிட்டால் பழைய பையில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி, துண்டைக் கட்டி ஓடலாம். பெசன்ட் நகர் நாய்களுக்கு மட்டும் அது சுத்தமாகப் பிடிக்கவில்லை.

6. வாட்சை நம்பாதீர்கள்

இந்தப் பகுதியை மட்டும் இரண்டுமுறை படியுங்கள். புதிய பேசர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான்.

முறையாக அளக்கப்பட்ட ஓட்டப்பாதையைச் சைக்கிளில் பொருத்திய, சக்கரச் சுற்றை எண்ணும் கருவியை வைத்து அளப்பார்கள். வளைவுகளில் ஓரத்திலிருந்து 30 செ.மீ. தள்ளி, இருப்பதிலேயே குறுகிய கோட்டில். அந்தக் கோட்டில் யாரும் ஓடுவதில்லை. தண்ணீர் மேசைக்கு ஒதுங்குவோம், கூட்டத்தைச் சுற்றிப் போவோம், வளைவில் அகலமாகத் திரும்புவோம். அதோடு மேம்பாலத்துக்கு அடியிலும் உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவிலும் ஜிபிஎஸ் தன் இஷ்டத்துக்குத் தாவும். ஆக, முடிவில் வாட்ச் 21.1 காட்டாது, 21.3, 21.4 என்று காட்டும்.

இதன் விளைவு என்ன? 2:30 பஸ்ஸுக்கு 7:05 (கிலோமீட்டருக்கு 7 நிமிடம் 5 நொடி) சரியான வேகம்தானே என்று வாட்சில் 7:05 காட்டிக்கொண்டே ஓடுகிறீர்கள். வாட்சின்படி 21.35 கி.மீ. என்றால் 2:31க்கு மேல் ஆகிவிடும். உங்களை நம்பி வந்தவர் முதல்முறையாக 2:30க்குள் முடிக்கும் கனவோடு வந்தவர். அவரிடம் ஜிபிஎஸ் பற்றி விளக்கிக்கொண்டிருக்க முடியாது. ஆகவே 2:30 பஸ்ஸை வாட்சில் 7:00 என்று ஓட்ட வேண்டும்.

அடுத்து, தண்ணீர். எட்டு இடங்களில் 15 நொடி மெதுவானால் மொத்தம் 2 நிமிடம். அதை 21 கிலோமீட்டருக்குப் பிரித்தால் கிலோமீட்டருக்கு 6 நொடி. அப்படியானால் ஓடுகிற நேரத்தில் 6:54, தண்ணீரையும் சேர்த்தால் 7:00. இதை ஓட்டத்தின் நடுவில் மனக்கணக்காகப் போட முடியாது. வீட்டிலேயே போட்டு, மணிக்கட்டில் ஒட்டிக்கொள்ளும் காகிதப் பட்டையில் எழுதிக்கொள்ளுங்கள். 2:29:30க்கு முடிப்பதற்கான என் பட்டை இது:

5 கி.மீ. பலகை: 35:26
10 கி.மீ. பலகை: 1:10:52
15 கி.மீ. பலகை: 1:46:18
20 கி.மீ. பலகை: 2:21:43

வாட்சில் கிலோமீட்டர் தானாகப் பதிவதை நிறுத்திவிட்டு, சாலையோரப் பலகையைத் தாண்டும்போது நீங்களே பொத்தானை அழுத்துங்கள். பட்டையைப் பார்க்க வேண்டியது மொத்த நேரத்தோடு மட்டும். ஒரு பலகையில் 40 நொடி வித்தியாசம் வந்தால் பதற வேண்டாம். பலகையை நட்டவர் மின்கம்பம் கிடைத்த இடத்தில் கட்டியிருப்பார். அடுத்த பலகையிலும் அதே வித்தியாசம் இருந்தால்தான் வேகத்தைத் தொட வேண்டும், அதுவும் கிலோமீட்டருக்கு 5 நொடிக்கு மேல் வேண்டாம்.

7. முந்தைய நாள்

பிப்பும் கொடியும் வாங்கும்போது அங்கேயே கொடியில் இருக்கும் எண்ணைச் சரிபாருங்கள். மாறிப்போவது உண்டு. பிப்பைச் சட்டையின் முன்பக்கம் குத்துங்கள், சிப் அதன் பின்னால்தான் ஒட்டியிருக்கும். நான்கு ஊக்குகளோடு கூடவே இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள், யாராவது கேட்பார்கள்.

பெரும்பாலும் ஒரு பஸ்ஸுக்கு இரண்டு பேசர்கள் இருப்பார்கள். மற்றவரிடம் அன்றைக்கே பேசிவிடுங்கள்: சீரான வேகமா, ஓட்டமும் நடையும் மாறி மாறியா? யார் முன்னால், யார் பின்னால்? யாருக்காவது கழிப்பறை போக வேண்டி வந்தால் என்ன செய்வது? ஒருவர் 7:00 என்றும் இன்னொருவர் 6:45 என்றும் மனதில் வைத்திருந்தால் பஸ் இரண்டாகப் பிளந்துவிடும்.

இரவு தயிர்சாதம், சீக்கிரம் தூக்கம். இதற்கு மேல் இதில் சொல்ல ஒன்றுமில்லை.

8. தொடக்கக்கோட்டில்

அரை மணி நேரம் முன்பே கொடியை மாட்டிக்கொண்டு உங்கள் இடத்தில் நில்லுங்கள். ஆட்கள் கொடியைத் தேடி வருவார்கள். அப்போது இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுங்கள்.

ஒன்று, எப்படி ஓடப்போகிறீர்கள் என்பது. "முதல் ரெண்டு கிலோமீட்டர் மெதுவாத்தான் போவேன், என்னைத் தள்ளாதீங்க" என்று சொல்லிவிட்டால் பிறகு யாரும் "என்னக்கா, லேட்டாகுதே" என்று நச்சரிக்க மாட்டார்கள்.

இரண்டு, சிப் டைம் கணக்கு. நீங்கள் பாயை மிதிக்கும்போதுதான் உங்கள் கடிகாரம் ஓட ஆரம்பிக்கும். உங்களுக்கு ஒரு நிமிடம் பின்னால் கோட்டைத் தாண்டி, வழியில் உங்களைப் பிடித்தவர் உண்மையில் ஒரு நிமிடம் லாபத்தில் இருக்கிறார். உங்களுக்கு ஒரு நிமிடம் முன்னால் கிளம்பி, இப்போது உங்கள் பக்கத்தில் ஓடுகிறவர் ஒரு நிமிடம் நஷ்டத்தில் இருக்கிறார். உங்களோடு 2:29:30க்கு வந்தால்கூட அவருக்கு 2:30:30 ஆகிவிடும். இதைச் சொல்லாமல் விட்டு, முடிவுக்கோட்டில் ஒரு பையனின் முகம் தொங்கியதைப் பார்த்திருக்கிறேன்.

பிப் இல்லாத நண்பரைத் துணைக்குக் கூட்டிப் போகாதீர்கள். தண்ணீரும் பாதுகாப்பும் பதிவு செய்தவர்களுக்குக் கணக்குப் போட்டு வைத்தவை.

9. ஓடும்போது

என் முதல் பஸ் ஏன் காலியாயிற்று என்று இப்போது சொல்லலாம். கடைசியில் களைப்பாக இருக்குமே, முன்னாடியே கொஞ்சம் நேரம் சேர்த்து வைத்துக்கொள்வோம் என்று நினைத்து, முதல் 10 கிலோமீட்டரை 6:45இல் ஓட்டினேன். எனக்கு அது சுகமான வேகம். கூட வந்தவர்களுக்கு அது அவர்களால் முடிந்த உச்சம். எட்டாவது கிலோமீட்டரில் அந்தப் பெரியவர், "எம்மா, கொஞ்சம் மெதுவாப் போம்மா" என்றார். "ஒண்ணும் இல்லப்பா, நல்லாத்தான் போறீங்க" என்றேன். அவர் சொன்னதுதான் சரி. என் கையில் பட்டையும் இருந்தது, நான்தான் பார்க்கவில்லை. பதினைந்தாவது கிலோமீட்டரில் திரும்பிப் பார்த்தால் நான்கு பேர். பதினெட்டில் ஒருவரும் இல்லை. அப்போதாவது நின்றிருக்கலாம், கொடியை இறக்கக் கூச்சமாக இருந்தது.

ஓட்டத்தின் தொடக்கத்தில் நேரம் சேமிப்பது என்பதே கிடையாது. முதல் இரண்டு கிலோமீட்டரை 7:15, 7:10 என்று விடுங்கள், கூட்டம் கலையட்டும். அந்தக் கொஞ்ச நொடிகளைப் பத்தாவது கிலோமீட்டருக்குள் யாருக்கும் தெரியாமல் எடுத்துக்கொள்ளலாம். அடையாறு திரு.வி.க. பாலம்போன்ற ஏற்றம் வந்தால் வேகத்தைப் பிடித்துத் தொங்காமல் மூச்சு சீராக இருக்கும்படி ஏறுங்கள். 7:15 ஆனாலும் சரி, இறக்கத்தில் 6:50இல் சரியாகிவிடும்.

ஜனவரி என்றாலும் சென்னையில் விடியற்காலை ஈரப்பதம் அதிகம். குளிர்போலத் தோன்றும், ஐந்து கிலோமீட்டரில் சட்டை பிழியலாம். தாகத்துக்குக் குடிக்கச் சொல்லுங்கள், ஒவ்வொரு மேசையிலும் கட்டாயமாகக் குடிக்கச் சொல்லாதீர்கள். அளவுக்கு மீறிய வெறும் தண்ணீர் ரத்தத்தில் உப்பைக் குறைத்து ஆபத்தில் கொண்டுபோய் விடும். ஓஆர்எஸ் பொட்டலம் வைத்திருப்பவர்கள் அதைக் காகிதக் கோப்பைத் தண்ணீரில் கொட்டிக் கலக்கிக் குடிப்பதைப் பார்த்தால் தடுங்கள்; ஒரு லிட்டருக்கான பெரிய பொட்டலம் ஒரு லிட்டரில்தான் கலக்க வேண்டும்.

தண்ணீர் மேசை வருவதற்கு 200 மீட்டர் முன்பே குரல் கொடுங்கள்: "தண்ணி வருது, இடது பக்கம், முதல் மேசையில நிக்காதீங்க, கடைசி மேசைக்குப் போங்க." கொடியோடு குனியாதீர்கள், பின்னால் வருகிறவர் கண்ணில் கம்பி பட்டுவிடும். பக்கத்தில் ஓடுகிறவரையே எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

பேச்சு. முதல் பாதியில் அதிகம் தேவையில்லை, அவர்களே பேசிக்கொள்வார்கள். 14 முதல் 19 கி.மீ. வரைதான் பஸ் மௌனமாகும். அங்கே உங்கள் குரல் வேண்டும். அறிவுரை வேண்டாம், விஷயம் சொல்லுங்கள். எத்தனையாவது கிலோமீட்டர், எத்தனை நொடி கையில் இருக்கிறது, அடுத்த தண்ணீர் எங்கே, அடுத்த திருப்பம் எங்கே. "இன்னும் கொஞ்ச தூரம்தான்" என்ற வாக்கியத்தை மட்டும் சொல்லாதீர்கள். பதினாறாவது கிலோமீட்டரில் அதைக் கேட்டால் எனக்கே அடிக்கத் தோன்றும்.

காதில் இயர்போன் கூடாது. வீடியோ எடுக்கிற ஆசையும் வேண்டாம்.

10. யாருக்காவது முடியாமல் போனால்

பின்தங்குகிறவருக்காகப் பஸ் நிற்காது. இது கொடூரமாகத் தோன்றலாம். ஆனால் ஒருவருக்காக மெதுவானால் பத்து பேருக்கு நேரம் தவறும். "2:40 பஸ் பின்னாடியே வருது, அதுல ஏறிக்கோங்க" என்று சொல்லுங்கள். பலருக்கு அந்த வார்த்தையே போதும்.

ஆனால் களைப்பு வேறு, ஆபத்து வேறு. நெஞ்சு வலி, தள்ளாட்டம், கேட்டதற்குச் சம்பந்தமில்லாத பதில் என்று எதைக் கண்டாலும் நேரக் கணக்கு முடிந்தது. குழப்பமான பேச்சு வெப்பத் தாக்கின் அடையாளமாக இருக்கலாம், வியர்த்துக்கொண்டிருந்தாலும்கூட. ஒரு பேசர் அவரோடு நின்று, நிழலில் படுக்க வைத்து, உடம்பில் தண்ணீர் ஊற்றி, ஐஸ் கிடைத்தால் அதையும் வைத்து, வழியில் நிற்கும் தன்னார்வலர் மூலம் மருத்துவக் குழுவை அழைக்க வேண்டும். பிப்பில் அவசர எண் அச்சிட்டிருந்தால் அதற்கும் அடியுங்கள். யாரும் கிடைக்காவிட்டால் 108. மற்ற பேசர் பஸ்ஸைக் கொண்டு போவார். இதற்காகத்தான் இரண்டு பேர்.

உங்களுக்கே முடியாமல் போனால்? முதுகிலிருந்து கொடியைக் கழற்றிவிடுங்கள். மற்ற பேசரிடம் சொல்லிவிட்டு, கொடியைச் சுருட்டி, ஓரமாக நடங்கள். 2:30 என்று எழுதிய கொடி 2:50க்குச் சாலையில் மிதந்துகொண்டிருந்தால், அதைப் பார்த்து நம்பி ஓடுகிறவர் ஏமாந்துபோவார். சீக்கிரம் வந்துவிட்டாலும் இதே கதைதான், என்னைப்போல.

11. கடைசி ஒரு கிலோமீட்டரும் அதற்குப் பிறகும்

20 கி.மீ. பலகையில் சக்தி மிச்சம் இருப்பவர்களை முன்னால் அனுப்புங்கள். "இனி என்னைப் பாக்காதீங்க, போங்க" என்று சொன்னால் போதும், பறப்பார்கள். நீங்கள் அதே வேகத்தில், தயங்குகிறவர்களோடு வாருங்கள். இலக்குக்கு 30 நொடி முன்னால் கோட்டைத் தாண்டினால் சரி. ஒரு நிமிடம்வரை முன்னால் வரலாம், ஒரு நொடிகூடப் பின்னால் வரக் கூடாது. தாண்டிய பிறகு கோட்டிலேயே நின்று போட்டோ எடுக்காமல் இருபது அடி தள்ளிப் போய், வருகிறவர்களைப் பார்த்துத் திரும்பி நில்லுங்கள்.

கொடியைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையெழுத்து வாங்குங்கள். காணாமல்போனால் அடுத்த வருடம்வரை உங்களிடம்தான் கேட்பார்கள். அன்று மாலையே வாட்ச் பதிவைச் சேமித்து, உங்கள் சிப் டைமோடு ஒருங்கிணைப்பாளருக்கு இரண்டு வரியில் அனுப்பிவிடுங்கள். அடுத்த ஓட்டத்துக்குப் படிவம் வரும்போது அதுதான் சான்றிதழ். என்னுடைய முதல் ஓட்டத்துக்கு அனுப்பியபோது, "2:26, நாலு நிமிஷம் முன்னாடி வந்துட்டேன், மன்னிச்சிடுங்க" என்று எழுதினேன். அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள், ஆனால் 2:45 பஸ்ஸுக்கு.